இனுக்ஜுவாக்கிலிருந்து கிரீஸ் ஃபியோர்டு வரை: கப்பல் போன வழியில் ஒரு பயணம்

இனுக்ஜுவாக், சனி

மான்ட்ரியலில் ஏறிய விமானத்தின் முன்பாதி முழுக்கச் சரக்கு, பின்பாதியில்தான் ஆட்கள். பக்கத்து இருக்கைக்காரர் கோழி வறுவல் வாளி ஒன்றை மடியில் வைத்து ஊர் வரும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார். பேரனுக்காம். விமானம் முழுக்க அந்த வாசனை. குஜுவாரபிக்கில் ஒரு முறை இறங்கி ஏறி, ஹட்சன் குடாவின் கிழக்குக் கரையை ஒட்டிப் பறந்து மதியம் இனுக்ஜுவாக் வந்து சேர்ந்தோம்.

1953-இல் கனடா அரசு இந்த ஊர்ப் பக்கத்து இனுயிட் (ஆர்க்டிக் பகுதியின் பூர்வகுடிகள்) குடும்பங்கள் சிலவற்றைக் கப்பலில் ஏற்றி, கிட்டத்தட்ட 2,000 கிலோமீட்டர் வடக்கே கொண்டுபோய் இறக்கிவிட்டது. கனடாவில் குடியேறி வாழ்கிற எனக்கு இந்தச் செய்தி தெரியவே பல வருடம் ஆனது. தெரிந்ததிலிருந்து இந்த ஊரையும், அவர்கள் போய்ச் சேர்ந்த ரெசலூட், கிரீஸ் ஃபியோர்டு ஊர்களையும் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. அங்கங்கே இணைப்பு கிடைக்கும்போது எழுதிப் போடுகிறேன்.

ஊர் நான் நினைத்ததைவிடப் பெரியது. 2021 கணக்கெடுப்பில் 1,821 பேர். இன்னுக்சுவாக் ஆறு கடலில் கலக்கிற இடம், எதிரே தீவுக்கூட்டம். மரம் ஒன்றுகூட இல்லை. ஆனால் தரை பச்சையாக இருக்கிறது: பாசி, முழங்கால் உயரப் புதர், இன்னும் பழுக்காத பெர்ரிச் செடிகள். கொசுவைப் பற்றிச் சொல்ல வேண்டாம், வாயைத் திறந்தால் உள்ளே போகிறது. இந்தப் பச்சையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வடக்கே போகப்போக இது காணாமல் போகும்.

தங்கியிருக்கும் வீட்டு அம்மா வேகவைத்த ஆர்க்டிக் சார் மீனும் பானக் ரொட்டியும் கொடுத்தார். நான் பையில் கொண்டுவந்த மிளகாய்த்தூளைத் தூவிக்கொண்டதைப் பார்த்து அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு.

1922-இல் வெளிவந்து உலகம் முழுக்க ஓடிய 'நானூக் ஆஃப் த நார்த்' படம் எடுக்கப்பட்டது இந்தப் பகுதியில்தான். அப்போதைய பெயர் போர்ட் ஹாரிசன். ஊர்க்காரர்களின் பிழைப்பு வெள்ளை நரித்தோல். பொறி வைத்து நரி பிடித்து, தோலை ஹட்சன் பே கம்பெனிக் கடையில் கொடுத்து மாவும் தேயிலையும் தோட்டாவும் வாங்குவார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் தோல் விலை விழுந்தது. குடும்ப உதவித்தொகை, நிவாரணம் என்று அரசின் செலவு ஏறியது. 'இங்கே ஜனம் அதிகம், வேட்டை குறைவு. இவர்கள் அரசை நம்பியே கிடக்கப் பார்க்கிறார்கள். வேட்டை நிறைந்த வடக்கே அனுப்பினால் பழையபடி சொந்தக் காலில் நிற்பார்கள்' என்று ஒட்டாவா அதிகாரிகள் முடிவு கட்டினார்கள். அந்தச் சமயத்தில் இந்த ஊரில் பள்ளிக்கூடம், நர்ஸ் நிலையம், கடை, தேவாலயம் எல்லாம் இருந்தன. கொண்டுபோய் இறக்கிய இடத்தில் இவை ஒன்றும் இல்லை.

இனுக்ஜுவாக், ஞாயிறு

காலையில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். வீட்டு அம்மாவின் பெரியப்பா முறை. கப்பல் ஏறியபோது சின்னப் பையன். அவருடைய பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து இனுயிட் மொழியான இனுக்டிடுட்டிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிச் சொன்னாள். பேர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் பெரியவர் என்றே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினார். தையல் நூல், பழைய சாவி, நடுவில் பழைய ஒரு ரூபாய் அளவில் செம்பழுப்பு நிற வட்ட வில்லை. ஓரத்தில் கயிறு கோக்க ஓட்டை. ஒரு பக்கம் கிரீடம், மறுபக்கம் ஈ-9 என்று தொடங்கும் எண். அவருடைய அம்மாவுடையது. இனுயிட் மக்களுக்குக் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லாததால் அரசு 1940-களில் ஆளுக்கு ஓர் எண் கொடுத்தது. கிழக்கு ஆர்க்டிக் என்றால் 'ஈ', பிறகு வட்டார எண், பிறகு ஆள் எண். கப்பலில் ஏற்றியவர்களின் பட்டியலிலும் இந்த எண்கள்தான். ஓட்டை தேய்ந்து நீள்வட்டமாகிவிட்டது. அவ்வளவு காலம் கழுத்தில் கிடந்திருக்கிறது.

ஆர்.சி.எம்.பி. என்ற கனடா மத்தியப் போலீஸ்காரர் ஒருவர் மொழிபெயர்ப்பாளருடன் கூடாரம் கூடாரமாக வந்தாராம். அங்கே மிருகம் நிறைய, வாழ்க்கை நன்றாக இருக்கும், பிடிக்காவிட்டால் இரண்டு வருடத்தில் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறோம் என்றாராம். "சம்மதித்துப் போனார்களா?" என்று கேட்டேன். பெரியவர் பேத்தியிடம் கொஞ்ச நேரம் பேசினார். அவள் சுருக்கமாகச் சொன்னாள்: "அந்தக் காலத்துல போலீஸ் வந்து கேட்டா, அது கேள்வி இல்லைன்னு சொல்றார்."

1953 ஜூலைக் கடைசியில் சி.டி. ஹவ் என்ற அரசுக் கப்பல் வந்தது. இந்த ஊரிலிருந்து ஏழு குடும்பங்கள். வழியில் பாஃபின் தீவின் பாண்ட் இன்லெட்டில் மூன்று குடும்பங்களை ஏற்றினார்கள். இவர்களுக்கு உயர் ஆர்க்டிக்கின் இருட்டும் பனியும் பழக்கமில்லை, அவர்கள் கற்றுக்கொடுப்பார்கள் என்பது திட்டம். இரு தரப்பாருக்கும் பேச்சு வழக்கு வேறு, சாப்பாட்டு வழக்கம் வேறு. முன்பின் அறியாதவர்கள். நல்ல ஏற்பாடு!

எல்லாரும் ஒரே இடத்தில்தான் இருக்கப்போகிறோம் என்று நம்பித்தான் அத்தனை பேரும் ஏறினார்கள். எல்ஸ்மியர் தீவை நெருங்கும்போதுதான் பிரித்துப் பிரித்து இறக்கப்போகிறோம் என்ற செய்தி வந்தது. கப்பலில் ஐந்து வயதுப் பையனாக இருந்த ஜான் அமகோவாலிக் பிற்காலத்தில் இதைச் சாட்சியம் சொல்லியிருக்கிறார்: பெண்கள் அழ ஆரம்பித்தார்கள், பெண்கள் அழுததும் மேல்தளத்தில் கட்டியிருந்த நாய்களும் ஊளையிட ஆரம்பித்தன. பெரியவருக்கும் அந்த நாய்ச் சத்தம்தான் ஞாபகம் இருக்கிறது. "அம்மா அழுதது ஞாபகமில்லை, நாய் ஞாபகம் இருக்கு" என்றார்.

சிலர் எல்ஸ்மியர் தீவின் கிரெய்க் ஹார்பரில் இறங்கினார்கள். மற்றவர்களை டி'இபர்வில் என்ற பனியுடைப்புக் கப்பலுக்கு மாற்றி கார்ன்வாலிஸ் தீவின் ரெசலூட் குடாவுக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் வடக்கே அலெக்சாண்ட்ரா ஃபியோர்டிலும் ஒரு குழுவை விடுவதாகத் திட்டம் இருந்தது. பனி இறுகிக் கப்பல் போக முடியாமல் போனதால் அந்தக் குடும்பங்கள் தப்பித்தன. தப்பித்தன என்றால், ரெசலூட் மாதிரி இடங்களுக்குப் போயின என்று அர்த்தம்.

பெரியவர் 1989-இல் திரும்பி வந்தவர். வாக்குக் கொடுத்த இரண்டு வருடம் முப்பத்தாறு வருடமாகியிருந்தது. அதற்குள் அவருக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் வளர்ந்து, மூத்த இரண்டு பெண்களும் ரெசலூட்டில் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். அவர்களுக்கு அதுதான் ஊர், வர மாட்டோம் என்றுவிட்டார்கள். வயதான அம்மா இனுக்ஜுவாக்கில்தான் கண்ணை மூட வேண்டும் என்றார். அம்மாவோடு இவர் வந்தார். அந்த வருடங்களில் அரசுச் செலவில் திரும்பியவர்கள் சுமார் 40 பேர். ஒவ்வொருவருக்கும் பின்னால் இப்படி வராமல் போன சிலர்.

திரும்பி வந்தவுடன் கதை முடிந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ரெசலூட்டில் பார்க்கச் சொல்லி மகள் வீட்டு அடையாளம் சொன்னார். வாளியில் மீன் கொடுத்தனுப்பவும் தயாரானார். நான் ஒட்டாவா போய்ப் போவதால் கெட்டுவிடும் என்று பேத்தி தடுத்துவிட்டாள்.

ஒட்டாவா, செவ்வாய்

ஆம், ஒட்டாவா! இனுக்ஜுவாக்கிலிருந்து ரெசலூட் போக நேர் வழி கிடையாது. தெற்கே மான்ட்ரியல் வரை இறங்கி, ஒட்டாவா வந்து, அங்கிருந்து மறுபடி வடக்கே ஏற வேண்டும். அண்ணன் தம்பி வீட்டுக்குப் போக நாட்டையே இறங்கி ஏற வேண்டிய நிலை.

ஒரு நாள் கிடைத்ததால் நூலகத்தில் உட்கார்ந்துவிட்டேன். இந்த நகரம்தான் முடிவெடுத்த இடம் என்பதால் இங்கே படிப்பது பொருத்தமாகவும் இருந்தது.

குடும்பங்கள் 1980-களில் நியாயம் கேட்க ஆரம்பித்தன. அவர்கள் சொன்ன குற்றச்சாட்டு: எங்களை வேட்டைக்காக அனுப்பவில்லை, கொடிக்கம்பம் மாதிரி நட்டீர்கள். அதற்குக் காரணம் உண்டு. 1950-களின் தொடக்கத்தில் உயர் ஆர்க்டிக் தீவுகளில் கனடாவைவிட அமெரிக்காவின் நடமாட்டம்தான் கண்ணில் பட்டது. கூட்டு வானிலை நிலையங்கள், விமானத் தளங்கள் எல்லாவற்றிலும் அமெரிக்கர்கள். கிரீன்லாந்து வேட்டைக்காரர்கள் எல்ஸ்மியருக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். 'இது எங்கள் நிலம்' என்று காட்ட, அங்கே கனடாவின் ஜனங்கள் வாழ வேண்டும்.

1990-இல் அரசு ஏற்பாடு செய்த ஓர் ஆய்வு அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல, அரசும் மன்னிப்புக்கு இடமில்லை என்றது. பிறகு ரெனே டூசோவும் ஜார்ஜஸ் எராஸ்மஸும் தலைமை வகித்த பழங்குடிகளுக்கான ராயல் கமிஷன் 1993-இல் மக்களையும் முன்னாள் அதிகாரிகளையும் உட்காரவைத்துக் கேட்டது. 1994-இல் வந்த அறிக்கை, இறையாண்மையும் ஒரு காரணமாக இருந்தது என்றும், இது சம்மதத்தோடு நடந்ததாகாது என்றும், மன்னிப்பும் இழப்பீடும் வேண்டும் என்றும் எழுதியது.

1996-இல் அரசு ஒரு கோடி டாலருக்கு அறக்கட்டளை நிதி ஒதுக்கியது. மன்னிப்பு கிடையாது. அதுகூடப் பரவாயில்லை. ஒப்பந்தத்தோடு சேர்ந்த அறிக்கையில், திட்டம் போட்ட அதிகாரிகள் அந்தக் காலத்தில் இனுயிட்டின் நன்மை என்று நினைத்து நேர்மையான நோக்கத்தோடுதான் செய்தார்கள் என்று பாதிக்கப்பட்டவர்களே ஒத்துக்கொள்கிற மாதிரி வாசகம். இதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் ஒரு காபி குடித்துவிட்டு வந்தேன். அடித்தவனுக்கு அடிபட்டவன் நன்னடத்தைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் பணம். முதியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் அவர்கள் வேறென்ன செய்திருக்க முடியும் என்று தெரியவில்லை.

மன்னிப்பு 2010 ஆகஸ்ட் 18 அன்று வந்தது. ஜான் டங்கன் என்ற அமைச்சர் இனுக்ஜுவாக்குக்கே போய் வாசித்தார்.

இக்காலுயிட், புதன்

மூடுபனி. ரெசலூட் விமானம் நாளைக்குத்தான். ரெசலூட், கிரீஸ் ஃபியோர்டு எல்லாம் அடங்கிய நுனவுட் பிரதேசத்துக்கு இதுதான் தலைநகர். அதன் சட்டமன்றக் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தேன். உள்ளே இருக்கைகளில் கடல்நாய்த் தோல். 1999 ஏப்ரல் 1 அன்று நுனவுட் தனிப் பிரதேசமாக ஆனது. அதற்காகப் பாடுபட்டதால் 'நுனவுட்டின் தந்தை' என்று அழைக்கப்படுகிறவர், கப்பலில் நாய்கள் ஊளையிட்டதைச் சாட்சியம் சொன்ன அதே ஜான் அமகோவாலிக். குப்பைமேட்டுப் பக்கத்தில் வளர்ந்த பையன் என்பதை நாளைக்கு ரெசலூட்டில் சொல்கிறேன்.

ரெசலூட், வியாழன்

பச்சை போய்விட்டது. விமானக் கதவு திறந்ததும் தெரிவது சாம்பல் நிறச் சரளை, அதற்கு மேல் சாம்பல் நிற வானம். ஆகஸ்ட் தொடக்கம், வெயில் வராத பகலில் 4 டிகிரி. சூரியன் மறையவே இல்லை. இரவு பதினொன்றுக்குப் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். நவம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி வரை இதற்கு நேர்மாறு. இனுக்ஜுவாக்கில் நடு டிசம்பரிலும் சில மணி நேரம் சூரியன் தெரியும். அங்கிருந்து வந்தவர்களுக்கு முதல் நவம்பரில் சூரியன் போய் மறுபடி வராதபோது எப்படி இருந்திருக்கும்?

பெரியவரின் மூத்த மகள் வீடு சுலபமாகக் கிடைத்தது. 183 பேர் உள்ள ஊர், யாரைக் கேட்டாலும் கை காட்டுகிறார்கள். நான் கொண்டுவந்த புகைப்படத்தில் அப்பா வில்லையைப் பிடித்திருப்பதைப் பார்த்தவுடன், "டின் இன்னும் இருக்கா!" என்றார்.

சாயங்காலம் தன் வண்டியில் பழைய ஊருக்கு அழைத்துப்போனார். பனிக்கரடிக்காகத் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டார். இப்போதைய ஊரிலிருந்து சில கிலோமீட்டர், விமான நிலையத்துக்குக் கிட்டே கடற்கரை ஓரம். வீடுகள் இருந்த இடத்தில் சரளையில் சதுரச் சதுரமாகத் தடம். துருப்பிடித்த பீப்பாய் வளையம், அடுப்பின் இரும்புக் கதவு, கடல்நாய் எலும்புகள்.

1953-இன் முதல் குளிரைத் துணிக் கூடாரத்தில் எதிர்கொண்டார்கள். இக்ளூ என்ற பனிவீடு கட்டத் தோதான பனி உடனே அமையவில்லை. செப்டம்பரில் இறக்கிவிட்டதால் தயாராக நேரமும் இல்லை. பெர்ரி இல்லை, முட்டை இல்லை, மீன் குறைவு. பறவையும் மீனும் மானும் கலந்து சாப்பிட்டவர்கள், இருட்டில் பனிப்பாளத்தில் மூச்சுத்துளை தேடிப் பிடித்த கடல்நாயையே தினமும் தின்ன வேண்டியிருந்தது. கரிபூ மானுக்குக் கட்டுப்பாடு. கஸ்தூரி எருதைச் சுட்டால் பெருந்தொகை அபராதம் என்று போலீஸ் எச்சரித்திருந்தது. வேட்டை நிறைந்த இடம் என்று சொல்லிக் கூட்டிவந்து, வேட்டைக்குத் தடை.

பக்கத்திலேயே விமானப் படையின் தளம் இருந்தது. அங்கே மின்சாரம், சூடான அறை, இறைச்சி எல்லாம் உண்டு. தளத்துக்கு இனுயிட் போகக் கூடாது என்று போலீஸ் உத்தரவு. ஆனால் தளத்தின் குப்பை எங்கே கொட்டப்படுகிறது என்று எல்லாருக்கும் தெரியும். சாப்பாட்டு மிச்சம் அங்கிருந்துதான். அடுத்த சில வருடங்களில் பெட்டிப் பலகையும் கட்டட மிச்சமும் பொறுக்கி முதல் மரவீடுகளைக் கட்டியதும் அங்கிருந்துதான். "எங்க தாத்தா கட்டின வீட்டு உள்சுவர்ல இங்கிலீஷ் எழுத்தா இருக்கும், எல்லாம் சாமான் பெட்டி" என்றார் மகள். அவர் படிக்கக் கற்றுக்கொண்டது அந்தச் சுவரில்தானாம்.

கடையை நடத்தியதும் போலீஸ்தான். கொண்டுவந்த தோலுக்கும் செய்த வேலைக்கும் கையில் காசு வரவில்லை, கணக்கில் எழுதிக்கொண்டார்கள். சாமான் தீர்ந்துபோனால் அடுத்த கோடைக் கப்பல்வரை காத்திருக்க வேண்டும். திரும்பிப் போகிறோம் என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில்: நீங்கள் போக வேண்டாம், உங்கள் சொந்தக்காரர்களை இங்கே வரச் சொல்லுங்கள். 1955-இல் இன்னும் சில குடும்பங்கள் வந்தன. இரண்டு தடவையும் சேர்த்து மொத்தம் 92 பேர்.

வருடா வருடம் அதே சி.டி. ஹவ் கப்பல் மருத்துவக் கப்பலாக வரும். எல்லாரையும் ஏற்றி எக்ஸ்ரே எடுப்பார்கள். காசநோய் என்று தெரிந்தால் கரைக்கு இறங்கவே விடாமல் தெற்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வருடக்கணக்கில் செய்தி இருக்காது. அதனால் கப்பல் வந்தால் சந்தோஷம், பயம் இரண்டும் சேர்ந்தே வரும் என்றார்.

ரெசலூட், வெள்ளி

கிரீஸ் ஃபியோர்டு விமானம் ரத்து. மறுபடி மூடுபனி.

போகட்டும், இந்த ஊரின் இன்னொரு கதையை எழுத நேரம் கிடைத்தது. பழைய ஊரிலிருந்து இங்கே ஏன் வந்தார்கள்? 1970-களில் எண்ணெய்த் தேடலால் ரெசலூட் பெரிய நகரமாகும் என்று ஒரு கனவு. ரால்ஃப் எர்ஸ்கின் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞரை வைத்து, காற்றைத் தடுக்கும் நீண்ட சுவர் போன்ற குடியிருப்பு சூழ்ந்த புது ஊருக்குத் திட்டம் போட்டார்கள். வெள்ளையரும் இனுயிட்டும் ஒரே ஊரில் சேர்ந்து வாழ்வார்கள் என்றார்கள். இனுயிட் வீடுகளை 1975 வாக்கில் இங்கே நகர்த்தினார்கள். வெள்ளையர் வரவில்லை. எர்ஸ்கின் ஊரில் கொஞ்சம் கட்டியதோடு நின்றது. ஆக, தாத்தா குப்பையில் பலகை பொறுக்கி எழுப்பிய ஊரையும் விட்டு அவர்கள் ஒரு முறை எழுந்து வந்திருக்கிறார்கள். இந்த இரண்டாவது நகர்த்தலுக்கு மன்னிப்பு யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்கவும் மாட்டார்கள், நல்ல நோக்கத்தோடு போட்ட திட்டமாயிற்றே.

மாலையில் நினைவுச் சின்னத்துக்கு நடந்தேன். 2010-இல் வைத்தது. செதுக்கியவர் சிமியோனி அமகோவாலிக், அவரே கப்பலில் வந்தவர். தனியாக ஓர் ஆண், கிரீஸ் ஃபியோர்டு திசையைப் பார்த்து நிற்கிறான். அங்கே இருக்கும் சின்னம் இந்தப் பக்கம் பார்க்கிறதாம்.

கிரீஸ் ஃபியோர்டு, ஞாயிறு

ஒருவழியாக வந்தாயிற்று. கிரீஸ் நாட்டுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, நார்வேக்காரர் ஓட்டோ ஸ்வெர்ட்ரப் வைத்த பெயர். ட்வின் ஆட்டர் என்ற குட்டி விமானம்தான் இங்கே இறங்க முடியும். ஓடுபாதை மலையடிவாரத்தில் முடிகிறது. இறங்கும்போது இறக்கை மலையைத் தொட்டுவிடுமோ என்று பயந்து கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி பின்னல் வேலையை நிறுத்தவில்லை.

இவ்வளவு அழகான ஊரை நான் பார்த்ததில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பின்னால் செங்குத்தான பாறைச் சுவர், முன்னால் ஜோன்ஸ் சவுண்ட் நீரில் பனிப்பாறைகள். 2021-இல் 144 பேர். கனடாவில் பொதுமக்கள் வாழும் ஊர்களில் இதுதான் ஆக வடக்கே. பனி உருகி வரும் ஓடை நீரைக் கோடையில் பெரிய தொட்டிகளில் நிரப்பி வருடம் முழுக்க வண்டியில் வீடு வீடாக ஊற்றுகிறார்கள். பெரிய சாமான்கள் வருடத்துக்கு ஒரு முறை வரும் சரக்குக் கப்பலில். கூட்டுறவுக் கடையில் அலமாரி பாதி காலி. கப்பல் மாதக் கடைசியில்.

1953-இல் வந்தவர்கள் முதலில் குடியிருந்தது இங்கே இல்லை, மேற்கே லிண்ட்ஸ்ட்ரம் தீபகற்பத்தில். போலீஸ் நிலையமோ கிழக்கே கிரெய்க் ஹார்பரில், நாய்வண்டியில் வெகுதூரம். அரசின் கடையை ஒட்டி உட்கார்ந்து 'சோம்பேறியாகி' விடக் கூடாது என்பதற்காகவே தள்ளிவைத்தார்கள்.

வந்தவர்களில் ஒருவர் பேடி அகியாடுசுக். இனுக்ஜுவாக்கின் பெயர்பெற்ற கல்சிற்பி. அவர் செதுக்கியவை அப்போதே தெற்கே விற்பனையாயின. 1954-இல், வந்து ஒரு வருடத்துக்குள், இறந்துபோனார். அவருடைய வளர்ப்பு மகன் ஜோசஃபி ஃப்ளாஹர்ட்டி 1955-இல் குடும்பத்தோடு கப்பலேறி வந்தார். அப்பா என்று அவர் அறிந்தவர் அதற்குள் மண்ணுக்குள். பெற்ற அப்பா? 'நானூக்' படம் எடுத்த ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி. படம் முடிந்து போனவர் திரும்பி வரவே இல்லை. வடக்கத்தி இனுயிட்டின் வாழ்வை உலகத்துக்குக் காட்டிப் புகழ்பெற்றவரின் மகன், அதே வாழ்வை வாழச் சொல்லி அரசு அனுப்பிய இடத்தில் கிடந்தார். ஜோசஃபியின் மகள் மார்த்தா ஃப்ளாஹர்ட்டி சின்ன வயதிலேயே அப்பாவோடு வேட்டைக்குப் போனவர். பின்னாளில் கனடா இனுயிட் பெண்கள் அமைப்பான பவுக்டூடிட்டின் தலைவராகி, கமிஷன் முன்னால் இதையெல்லாம் சொன்னார்.

ஊர்ப் பள்ளிக்கு உமிம்மாக் என்று பெயர். கஸ்தூரி எருது. யாருக்குச் சுடத் தடை விதித்தார்களோ அவர்கள் பேரப்பிள்ளைகள் அந்தப் பெயர் எழுதிய சட்டை போட்டுக்கொண்டு விளையாடுகிறார்கள். இப்போது அளவு வைத்து வேட்டையாட அனுமதி உண்டு. மதியம் ஒரு வீட்டில் அந்த இறைச்சிக் குழம்பு சாப்பிட்டேன். என் மிளகாய்த்தூளுக்கு இங்கே ஆதரவு கிடைத்தது.

கிரீஸ் ஃபியோர்டு, திங்கள்

லூட்டி பிஜமினி செதுக்கிய சின்னம் ஊர்க் கரையில் நிற்கிறது. ஒரு பெண், ஒரு சின்னப் பையன், ஒரு நாய். பையன்கள் இருவர் அதன் மேல் ஏறி என் கேமராவுக்கு நாக்கை நீட்டினார்கள்.

குழம்பு கொடுத்த வீட்டுக்காரர் நாற்பது வயதுக்காரர், இங்கேயே வளர்ந்தவர். இனுக்ஜுவாக்குப் போய்விட ஆசையா என்று கேட்டேன். ஒரு தடவை போனேன், கொசு தாங்கவில்லை, என் பேச்சைக் கேட்டும் சிரிக்கிறார்கள் என்றார். பாட்டி பேச்சும் பாண்ட் இன்லெட் பேச்சும் கலந்து இங்கே தனி வழக்கு உருவாகிவிட்டது. அங்கே இவர் வடக்கத்திக்காரர். "ஆனா பாட்டி கல்லறை அங்க இருக்கு, தாத்தா கல்லறை இங்க இருக்கு. நான் எங்கே போறது?" என்று கேட்டுவிட்டு, பேச்சை மாற்றி நார்வால் திமிங்கில வேட்டைக்குக் கிளம்பும் தம்பியின் படகு மோட்டாரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

2010 மன்னிப்பில் ஒரு வரி உண்டு. இந்த இரண்டு ஊர்களும் உயர் ஆர்க்டிக்கில் கனடாவின் இருப்பைப் பலப்படுத்தின என்று அமைச்சர் பாராட்டினார். இறையாண்மைக்காக அனுப்பவில்லை என்று இருபது வருடம் சாதித்துவிட்டுக் கடைசியில் அதற்கே நன்றி சொன்னார்கள். அதைச் சொன்னபோது வீட்டுக்காரர் தோளைக் குலுக்கினார். "அப்படின்னா சம்பளம் பாக்கி இருக்கு."

ரெசலூட் வழியாக இக்காலுயிட், செவ்வாய்

திரும்பும் விமானத்தில் பக்கத்தில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர். கிரீஸ் ஃபியோர்டு நர்ஸ் நிலையத்தில் பிரசவம் பார்ப்பதில்லை. சில வாரம் முன்னதாகவே இக்காலுயிட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள், மூத்தது இரண்டும் வீட்டில் அப்பாவோடு. நாட்டின் வட எல்லையைக் காக்கும் ஊர் என்று பெயர், பிள்ளை பிறக்க ஊரை விட்டுப் போக வேண்டியிருக்கிறது.

அவருடைய அம்மா இனுக்ஜுவாக்கில் இருக்கிறார், 1989-இல் தாத்தாவோடு போனவர்களில் ஒருவர். குழந்தையைக் காட்டப் போவீர்களா என்று கேட்டேன். இக்காலுயிட் வரை டிக்கெட் அரசு தருகிறது என்றார். அதற்கு அப்புறம் ஒட்டாவா, மான்ட்ரியல், மறுபடி வடக்கே, எல்லாம் கைக்காசு. கைப்பேசியில் கணக்குப் போட்டுக் காட்டினார். தொகையைப் பார்த்து நான் வாயைப் பிளந்ததும் சிரித்துவிட்டு, "அம்மாவை ஒட்டாவாவுக்கு வரச் சொல்லியிருக்கேன், பாதி வழி நான், பாதி வழி அவங்க" என்றார்.